மிருதங்கத்துக்கு முதலில் சோறு வைத்தது யார்?

ஜூலை மாதத்து மும்பையில் இரண்டு விஷயங்கள் தொய்ந்துபோகும். ஒன்று அப்பளம், இன்னொன்று மிருதங்கம். அப்பளத்தைத் திரும்பப் பொரித்துவிடலாம். மிருதங்கத்துக்கு ஆள் தேட வேண்டும்.

செம்பூரில் என் மகள் மிருதங்கம் கற்றுக்கொள்கிறாள். அவள் வாத்தியம் ஐந்து கட்டை சுருதிக்குச் செய்தது. மழை பிடித்த பத்தாவது நாள் தட்டிப் பார்த்தால் நாலரைக்கும் கீழே போயிருந்தது. தோல் காற்றிலுள்ள ஈரத்தைக் குடிக்கும். குடித்தால் கனம் கூடும், இழுவிசை குறையும், சுருதி இறங்கும். (ஏ.சி. அரங்கத்துக்குள் கொண்டுபோனால் இதுவே தலைகீழ். தோல் காய்ந்து சுருதி ஏறிவிடும். கச்சேரியில் மிருதங்கக்காரர் ஏன் கல்லும் கட்டையுமாகவே உட்கார்ந்திருக்கிறார் என்று இனிமேல் அலுத்துக்கொள்ளாதீர்கள்.) மகளின் வாத்தியத்தில் தொய்வு மட்டும் இல்லை, நடுவிலிருந்த கருப்பு வட்டமும் ஓரத்தில் பெயர ஆரம்பித்திருந்தது. வகுப்பில் விசாரித்து ஒருவரைப் பிடித்தோம். அறுபது வயதிருக்கும், பூர்வீகம் தஞ்சாவூர்ப் பக்கம். ஒற்றை அறையில் வேலை.

நாங்கள் போனபோது அவர் பக்கத்தில் ஒரு தட்டில் குழைந்த சோறு இருந்தது.

"சாப்பிடுங்கண்ணே, நாங்க வெளிய நிக்கிறோம்" என்றேன்.

சிரித்தார். "இது எனக்கில்ல சார், பாப்பாவோட மிருதங்கத்துக்கு."

அந்தத் தட்டுச் சோற்றைப் பற்றித்தான் இந்தப் பதிவு. ஒரு நோபல் பரிசுக்காரரும் நடுவில் வருவார்.

முதலில் கொஞ்சம் பாடம்

சத்தம் வேறு, சுரம் வேறு. கதவைச் சாத்தினால் சத்தம், தம்புராவை மீட்டினால் சுரம். இரண்டும் காற்றில் வரும் அதிர்வுதான் என்றால் வித்தியாசம் எங்கே இருக்கிறது?

ஒரு தந்தியை மீட்டும்போது அது ஒரே விதமாக ஆடுவதில்லை. முழு நீளமாக ஒரு ஆட்டம், அதே நேரத்தில் இரண்டு பாதிகளாக ஒன்று, மூன்று பங்காக, நான்காக, ஐந்தாக என்று எல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாக நடக்கும். முழு நீள ஆட்டம் நொடிக்கு 100 தடவை என்றால் மற்றவை 200, 300, 400, 500. எல்லாம் 1, 2, 3, 4, 5 என்று முழு எண் விகிதத்தில் வரும். காது இவற்றைத் தனித்தனியாக எண்ணாமல், ஒரே குடும்பம் என்று கண்டுகொண்டு ஒரே சுரமாகக் கேட்கிறது. இந்தக் குடும்பத்தில்தான் நம் சுரங்களும் இருக்கின்றன. இரண்டாவது ஆள் மேல் ஸட்ஜம். மூன்றாவது அதற்கு மேலுள்ள பஞ்சமம். ஐந்தாவது அந்தர காந்தாரம். தம்புராவில் காந்தாரத்துக்கென்று தந்தியே கிடையாது. இருந்தும் நன்றாகச் சுருதி சேர்ந்த தம்புராவில் காந்தாரம் கேட்கிறது என்று பாடகர்கள் சொல்வது இதைத்தான். அது கற்பனை இல்லை, தந்தியின் ஐந்தாவது பங்கு.

இதையெல்லாம் 1863-ல் ஜெர்மனியின் ஹெல்ம்ஹோல்ட்ஸ் ஒரு பெரிய புத்தகமாக எழுதிவைத்தார். முழு எண் விகிதம் இருந்தால் இனிமை, இல்லாவிட்டால் இரைச்சல் என்பது அதில் கிடைக்கும் பொதுவான பாடம்.

இனி தோலுக்கு வருவோம். ஒரு வட்ட வளையத்தில் ஒரே சீரான தோலை இழுத்துக் கட்டித் தட்டினால் அது எப்படியெல்லாம் ஆடும் என்று 19-ஆம் நூற்றாண்டிலேயே கணக்குப் போட்டுவிட்டார்கள். தந்திக்கு வந்த 1, 2, 3 இங்கே வராது. 1, 1.59, 2.14, 2.30, 2.65, 2.92 என்று போகும். ஒன்றுக்கும் இன்னொன்றுக்கும் உறவில்லாத எண்கள். குடும்பமாக இல்லாமல் சந்தைக் கூட்டமாக இருக்கும். காதுக்குச் சுருதி பிடிபடாது, 'டம்' என்பது மட்டும் கேட்கும்.

ஆக, கணக்குப்படி சீரான தோல் கட்டிய மத்தளத்திலிருந்து சுரம் வரக்கூடாது. மேல்நாட்டுப் பறைகளில் பெரும்பாலானவற்றில் வருவதும் இல்லை. (அவர்களுடைய டிம்பனி ஒரு விதிவிலக்கு. பானை மாதிரி உடலும், தோலோடு சேர்ந்து ஆடும் காற்றும் அதற்கு ஓரளவு உதவுகின்றன.) ஆனால் மிருதங்கத்தின் வலந்தலையில் 'நம்' என்று ஒரு தட்டு தட்டினால் ஸட்ஜம் கணீரென்று வருகிறது. எப்படி?

கல்கத்தாவில் ஒரு அக்கவுண்ட்ஸ் ஆபீசர்

இந்த 'எப்படி'யைப் பிடித்தவர் திருச்சி திருவானைக்காவலில் 1888-ல் பிறந்த சந்திரசேகர வேங்கட ராமன். நம்மைப் போலவே வேலைக்காக வடக்கே போன ஆள். 1907-ல் கல்கத்தாவில் மத்திய அரசின் நிதித்துறையில் உத்தியோகம். காலையிலும் மாலையிலும் பவ்பஜார் தெருவிலிருந்த இந்திய அறிவியல் வளர்ச்சிக் கழகத்தின் கூடத்தில் ஆராய்ச்சி, நடுவில் ஆபீஸ். பத்து வருஷம் இப்படி ஓட்டியபிறகு 1917-ல் வேலையை விட்டுவிட்டுப் பல்கலைக்கழகப் பேராசிரியரானார். அவர் அப்பா வயலின் வாசிப்பார், மனைவி லோகசுந்தரி வீணை வாசிப்பார். ஒளிச்சிதறலுக்கு 1930-ல் நோபல் பரிசு வாங்கியவர் என்றுதான் பள்ளிக்கூடத்தில் படித்தோம். அதற்கு முன்னால் பல வருஷங்கள் அவர் வயலின், வீணை, தம்புரா, மிருதங்கம் என்று அலைந்துகொண்டிருந்ததை யாரும் நமக்குச் சொல்லவில்லை.

1920 ஜனவரியில் 'நேச்சர்' இதழில் ராமனும் சிவகாளி குமாரும் சேர்ந்து ஒரு சின்னக் குறிப்பு வெளியிட்டார்கள். இந்திய மத்தளங்களில் மேற்சுரங்கள் முழு எண் விகிதத்தில் வருகின்றன என்பது விஷயம். பிறகு ராமன் பெங்களூர் வந்து 1934-ல் இந்திய அறிவியல் அகாடமியை ஆரம்பித்தபோது, அதன் ஆய்விதழின் முதல் தொகுதியிலேயே இதை விரிவாக எழுதினார்.

சோதனைக்குப் பெரிய கருவி எதுவும் தேவைப்படவில்லை. தோலின்மேல் மெல்லிய மணலைத் தூவி அதை ஆடவைத்தார். ஆடும் இடத்திலிருந்து மணல் துள்ளி விலகி, ஆடாத இடத்தில் கோடாகப் போய் ஒதுங்கும். அந்தக் கோடுகளைப் பார்த்தால் தோல் எத்தனை துண்டாகப் பிரிந்து ஆடுகிறது என்று தெரிந்துவிடும். (கிளாட்னி என்ற ஜெர்மானியர் 1787-ல் உலோகத் தகடுகளில் காட்டிய வித்தை இது.)

தெரிந்தது இதுதான். தோலுக்கு ஒன்பது விதமான ஆட்டங்கள். சாதாரணத் தோலில் அவை ஒன்பதும் ஒன்பது திசையில் போகும். மிருதங்கத்தில் அவை ஐந்தே சுரங்களில் வந்து சேர்ந்துகொள்கின்றன. முதல் சுரத்துக்கு ஒரு ஆட்டம், இரண்டாவதுக்கு ஒன்று, மூன்றாவதுக்கு இரண்டு, நான்காவதுக்கு இரண்டு, ஐந்தாவதுக்கு மூன்று. கூட்டிப் பாருங்கள், ஒன்பது. விகிதம் 1, 2, 3, 4, 5. வட்டத் தோல் தந்தி மாதிரி நடந்துகொள்கிறது.

இந்த வேலையைச் செய்வது நடுவிலுள்ள கருப்பு வட்டம். கரணை என்பார்கள், செய்பவர்கள் 'சோறு' என்றே சொல்கிறார்கள். கிட்டக்கல் எனும் கனமான கருப்புக் கல்லை இடித்துச் சலித்து, அந்தப் பொடியைக் குழைந்த சோற்றோடு பிசைந்து, தோலின் நடுவில் கொஞ்சம் கொஞ்சமாக அப்பித் தேய்க்க வேண்டும். நடுவில் தடிமன் அதிகம், ஓரம் போகப்போகக் குறையும். தோல் மொத்தமும் ஏறி இறங்கும் முதல் ஆட்டத்தில் நடுப்பகுதிதான் அதிகம் ஆடும். அங்கே கனம் ஏற்றினால் அந்த ஆட்டம் மந்தமாகிறது. தோல் இரண்டு பாதியாக ஆடும் இரண்டாவது ஆட்டத்தில் நடுக்கோடு ஆடுவதே இல்லை. அதனால் அங்கே கனம் வைத்தாலும் அதற்கு அவ்வளவு பாதிப்பில்லை. முதல் ஆள் கீழே இறங்க, இருவருக்கும் நடுவே இடைவெளி கூடுகிறது. 1.59 என்றிருந்தது 2 ஆகிறது. கனத்தையும் அதன் சரிவையும் சரியாகக் கொடுத்தால் மற்றவையும் வரிசையில் வந்து நிற்கின்றன.

சரியாகக் கொடுத்தால்! அந்த ஒரு வார்த்தையில்தான் எல்லாம் இருக்கிறது. கொஞ்சம் கூடினாலும் குறைந்தாலும் குடும்பம் கலைந்துவிடும். கரணை ஒரே கட்டியாக இறுகிவிட்டாலும் தோல் ஆடாது. அதனால் கல்லால் தேய்த்துத் தேய்த்து, கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாமலும் நுண்ணிய வெடிப்புகள் விழச் செய்வார்கள். கனமும் இருக்கும், வளையவும் செய்யும்.

வாசிப்பவரும் இதே இயற்பியலைத்தான் கையாள்கிறார். 'நம்' தட்டும்போது ஆள்காட்டி விரல் ஓரத்தில் அடிக்க, மோதிர விரல் தோலை மெதுவாகத் தொட்டுக்கொண்டிருப்பதைக் கவனியுங்கள். தொட்ட இடம் ஆடக்கூடாது. அந்த இடத்தில் ஆடாக் கோடு உள்ள ஆட்டங்கள் மட்டும் பிழைக்கும், மற்றவை அடங்கிவிடும். மணல் போட்டு ராமன் பார்த்த கோட்டை வித்வான் விரலால் போடுகிறார்.

ராமனுக்கு முன்னால்

நான் அண்ணனிடம் மணல் கதையை உற்சாகமாகச் சொன்னேன். அவர் சோற்றைப் பிசைந்துகொண்டே கேட்டார்.

"அதுக்கு ஏன் சார் மணல்? தட்டினா கேக்குதே."

அவர் சொன்னதில் நியாயம் இருக்கிறது. ஒரு பூச்சு வைப்பது, கல்லால் தேய்ப்பது, தட்டிக் கேட்பது, மறுபடி ஒரு பூச்சு. மதியம் முழுக்க இதே வேலை. எப்போது நிறுத்துவது என்பதற்கு அவரிடம் அளவுகோல் கிடையாது. அவர் காது போதும் என்றால் போதும்.

இந்த அறிவு ரொம்பப் பழையது. நாட்டிய சாஸ்திரத்திலேயே மத்தளங்களுக்கு ஆற்றங்கரை மண்ணைப் பூசிச் சுருதி சேர்ப்பது பற்றியும், எந்த மண் ஆகும், எது ஆகாது என்றும் விவரம் இருக்கிறது. பூசுவதற்கு மார்ச்சனை என்று பெயர். நம் சங்கப் பாடல்களிலும் முழவுக்கு மண் பூசிய செய்தி வருகிறது. மிருதங்கத்தின் தொப்பிப் பக்கத்தில் கச்சேரிக்கு முன்னால் ரவையைப் பிசைந்து அப்பி, முடிந்ததும் சுரண்டி எடுக்கிறார்களே, அது இந்தப் பழைய வழக்கத்தின் தொடர்ச்சி மாதிரித்தான் தெரிகிறது. வலந்தலையில் அந்தப் பூச்சு நிலையானதாகவும், நடுவில் தடித்து ஓரத்தில் மெலிவதாகவும் ஆனது பெரிய தாவல். அதை யார் செய்தார், எந்த ஊர், எந்த நூற்றாண்டு? பெயர் இல்லை. விளக்கியவர் பெயர் உலகத்துக்கே தெரியும். செய்து காட்டியவர் பெயர் அவர் தெருவைத் தாண்டியிருக்காது.

இரண்டு தெருக்கள், ஒரு தோல்

இந்த இடைவெளியைப் புரிந்துகொள்ள மும்பை வரைபடத்தைப் பார்த்தாலே போதும்.

1896-ல் பம்பாயில் பிளேக் வந்தது. நெரிசலைக் குறைக்க 1898-ல் நகர மேம்பாட்டு டிரஸ்ட் ஏற்பட்டு, தாதர், மாதுங்கா, சயான் பகுதிகளில் புதுக் குடியிருப்புகள் போட்டார்கள். குமாஸ்தா, டைப்பிஸ்ட், கணக்கர் என்று ரயிலேறி வந்த பாலக்காட்டு, தஞ்சாவூர்க் குடும்பங்கள் மாதுங்காவில் குடியேறின. 1932-ல் தென்னிந்திய கல்விச் சங்கம், 1952-ல் ஷண்முகானந்தா சபா, 1963-ல் அதன் பெரிய அரங்கம். 1990-ல் தீ விபத்தில் பாழாகி, 1998-ல் மறுபடி திறந்தது. 2,700-க்கும் மேற்பட்ட இருக்கைகள். எத்தனையோ மிருதங்க மேதைகள் தனி ஆவர்த்தனம் வாசித்த மேடை.

அங்கிருந்து ரயில்பாதையைத் தாண்டி மேற்கே போனால் தாராவி. நாற்றம் தாங்காது என்று நகரத்துக்கு வெளியே தள்ளப்பட்ட தோல் பதனிடும் தொழில் 1887-ல் அங்கே வந்தது. அந்த வேலைக்குத் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து தமிழ் முஸ்லிம்களும் ஆதிதிராவிடர்களும் வந்தார்கள். அவர்களும் அதே தமிழ்நாட்டிலிருந்து, அதே மாதிரி ரயிலேறி வந்தவர்கள்தான். பிறகு 1970-களில் இறைச்சிக்கூடம் பாந்த்ராவை விட்டு எங்கள் செம்பூர்ப் பக்கம் தேவ்நாருக்கு நகர்ந்தது, தாராவியின் பதனிடும் கூடங்களும் மெல்ல மெல்ல மூடப்பட்டன. இன்று அங்கே பெரும்பாலும் வெளியூரில் பதனிட்ட தோலில் பைகளும் பெல்ட்டுகளும் தைக்கிறார்கள்.

தாராவித் தோல் மிருதங்கத்துக்கு வராது என்பதையும் சொல்லிவிடுகிறேன். பைக்கும் செருப்புக்கும் வேண்டியது ரசாயனத்தில் பதனிட்டு மிருதுவாக்கிய தோல். மத்தளத்துக்கு வேண்டியது முடி நீக்கிக் காயவைத்த பச்சைத் தோல். அதுதான் விறைப்பாக நிற்கும், இழுத்தால் இழுவிசையைப் பிடித்துக்கொள்ளும். மிருதங்கத்துக்கு ஆடு, மாடு, எருமை மூன்றின் தோலும் வேண்டும், எருமைத்தோல் முக்கியமாக வாருக்கு. ஆகவே இரண்டும் வேறு வேறு வேலை. ஆனால் இரண்டு வேலையையும் யார் தலையில் கட்டினோம் என்பதில் வித்தியாசம் இல்லை. தமிழ்நாட்டில் மிருதங்கம் செய்யும் குடும்பங்களில் பல, தலித் கிறிஸ்தவக் குடும்பங்கள். பாலக்காடு மணி ஐயரின் (1912–1981) நாதத்தைப் பற்றி நாலு தலைமுறை பேசியாயிற்று. அவருக்கு மிருதங்கம் செய்த தஞ்சாவூர் பர்லாந்தைப் பற்றி டி.எம். கிருஷ்ணா 2020-ல் 'செபாஸ்டியன் அண்டு சன்ஸ்' எழுதியபிறகுதான் என்னைப் போன்றவர்களுக்குத் தெரிந்தது. அந்தப் புத்தக வெளியீட்டுக்குக் கொடுத்த அனுமதியைக் கலாக்ஷேத்ரா திரும்பப் பெற்றதும், விழா வேறு இடத்தில் நடந்ததும் செய்திகளில் வந்தன.

ஊரை ஏன் சொல்ல வேண்டும், என் வீட்டையே சொல்கிறேன். எங்கள் வீட்டில் மிருதங்கம் பூஜை அறையில் இருக்கிறது. சரஸ்வதி பூஜைக்குச் சந்தனம், குங்குமம், பூ எல்லாம் உண்டு. கால் பட்டுவிட்டால் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வோம். வாசலில் கிடக்கும் செருப்பும் தோல்தான். அதை உள்ளே கொண்டுவந்தால் என் பாட்டி காலத்தில் ஒரு ரகளையே நடந்திருக்கும். ஒரே மாட்டின் தோல், ஒன்று சாமிக்குப் பக்கத்தில், மற்றது வாசலுக்கு வெளியே. அதைத் தொட்டு வேலை செய்தவர் எப்போதும் செருப்புப் பக்கத்தில்தான் நின்றார்.

பறையைப் பற்றியும் ஒரு வார்த்தை. தாராவிப் பொங்கலில் பறை கேட்டிருக்கிறேன். பறைக்குக் கரணை கிடையாது. நெருப்பில் காட்டித் தோலை இறுக்குவார்கள், ஈரம் போய்ச் சத்தம் கூர்மையாகும். மேலே சொன்ன 1.59, 2.14 என்ற அந்தச் சந்தைக் கூட்டம்தான் அதன் பலம். ஊர்க்கோடி வரை கேட்க வேண்டிய வாத்தியத்துக்குச் சுருதி எதற்கு? தோலுக்கு எங்கே சோறு வைக்க வேண்டும், எங்கே வைக்கக்கூடாது என்று இரண்டையும் தெரிந்துவைத்திருந்தார்கள் என்று எடுத்துக்கொள்கிறேன்.

இனிமேல்

"தோல் கிடைக்குதாண்ணே?" என்று கேட்டேன். தலையை ஆட்டினார், ஆம் என்றும் இல்லை என்றும் எடுத்துக்கொள்ளலாம். மகாராஷ்டிரத்தில் பசுவை வெட்டுவதற்கு 1976 சட்டத்திலேயே தடை இருந்தது. 2015-ல் காளைக்கும் எருதுக்கும் சேர்த்துத் தடை வந்தது. எருமைக்குத் தடையில்லை. சட்டத்தின் சரி தவறுக்குள் நான் போகவில்லை. தோல் வாங்குவதும் கொண்டுவருவதும் பயம் கலந்த காரியமாகிவிட்டது என்று அவர் சொன்னதை மட்டும் எழுதிவைக்கிறேன். வாருக்குப் பதில் போல்ட் நட் வந்துவிட்டது. பெங்களூரில் பாடகரும் பொறியாளருமான வரதரங்கன் செயற்கைத் தோலிலேயே மிருதங்கம் செய்திருக்கிறார். மழைக்கும் ஏ.சி.க்கும் அசையாது. ஆனால் தோல் எதுவானாலும் வட்டம் வட்டம்தான். நடுவில் கனம் ஏற்றாமல் 1.59 இரண்டாகாது. பெயர் தெரியாத அந்த ஆள் கண்டுபிடித்தது இல்லாமல் பிளாஸ்டிக் மிருதங்கமும் பாடாது.

மாலை ஆறு மணிக்கு வேலை முடிந்தது. வலந்தலையின் பதினாறு கண்களிலும் ஒவ்வொன்றாகத் தட்டி, எங்கே இறங்கியிருக்கிறதோ அங்கே பின்னலில் ஒரு அடி. பிறகு மகளிடம் நீட்டினார். அவள் 'நம்' என்றாள். அறை முழுக்க ஸட்ஜம்.

பணம் கொடுக்கும்போது மகள் கேட்டாள், "தாத்தா, முதல்ல யாரு சோறு வெச்சாங்க?"

"யாருக்குத் தெரியும் கண்ணு. எங்க தாத்தா கட்டின மிருதங்கத்துல யார் யார் வாசிச்சாங்கன்னு எனக்கு வரிசையாத் தெரியும். எங்க தாத்தா பேரு அவங்களுக்குத் தெரிஞ்சிருக்குமான்னு தெரியாது."

இதைக் குறையாகச் சொல்லவில்லை. மழை விடுமா என்று கேட்பது போலத்தான் சொன்னார்.

வீட்டுக்கு வந்ததும் மிருதங்க உறையின் உள்பக்கம், அழியாத மசியில், அவர் பெயரையும் அன்றைய தேதியையும் எழுதினேன். "துணியைப் பாழாக்காதீங்க" என்று தங்கமணி சத்தம் போட்டார். மகள் வாங்கிப் பார்த்துவிட்டு, அவர் பெயரில் நான் விட்டிருந்த ஒரு புள்ளியைச் சேர்த்தாள்.